சென்ட்ரல் லாக் வேலை செய்யாத காரைத் திறப்பது எப்படி?

காட்பாடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பாவின் கார், 2012 மாடல் ஹேட்ச்பேக். அப்பாவுக்கு உடம்பு சரியில்லாததால் இரண்டு மாதமாக வண்டியை யாரும் எடுக்கவில்லை. இப்போது ரிமோட்டை அழுத்தினால் எந்தச் சத்தமும் இல்லை. டிரைவர் பக்கக் கதவில் சாவியைப் போட்டால் சுற்றுகிறது, கதவு மட்டும் திறக்கவில்லை. தெருவில் உள்ளவர்கள் பின்பக்கக் கண்ணாடியை உடைத்துவிடச் சொல்கிறார்களாம். வேறு வழி உண்டா என்று கேட்கிறார்.

உண்டு தம்பி, கண்ணாடியில் கை வைக்காதீர்கள். நான் சத்துவாச்சாரியில் கார் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். கோடை வந்துவிட்டால் இதே புகார் அடிக்கடி வரும். பெரும்பாலும் கண்ணாடி உடையாமல்தான் திறந்திருக்கிறோம்.

ஆனால் ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற எல்லோருக்கும் உங்களைப் போல நேரம் இருக்காது. பூட்டிய காருக்குள் குழந்தையோ, முடியாத பெரியவரோ இருந்தால் கீழே சொல்லப்போகும் எதையும் முயற்சி செய்து பார்க்காதீர்கள். கண்ணாடியை உடைத்துவிடுங்கள். கத்திரி வெயிலில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம். அப்படிப்பட்ட நாளில் மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் இன்னும் 10 டிகிரி ஏறிவிடும். கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி வைத்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருக்காது. சின்னக் குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிட 3 முதல் 5 மடங்கு வேகமாகச் சூடேறும். மெக்கானிக் வரட்டும், சாவி வரட்டும் என்று காத்திருக்க அங்கே நேரமே இல்லை.

உடைக்கும்போது குழந்தைக்குத் தள்ளி இருக்கிற பக்கக் கண்ணாடியாகப் பாருங்கள். முன் கண்ணாடியை விட்டுவிடுங்கள். அது நடுவில் பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது, விரிசல் விடுமே தவிர வழி விடாது. பக்கக் கண்ணாடி அநேக கார்களில் டெம்பர் செய்தது, அதாவது சூடேற்றிக் கடினமாக்கியது. நடுவில் அடித்தால் தாங்கும், மூலையில் கூர்மையான எதையாவது வைத்து அடித்தால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். வீல் ஸ்பானரின் முனை, ஸ்க்ரூடிரைவரும் சுத்தியலும், எதுவும் கிடைக்காவிட்டால் கூர்முனை உள்ள கருங்கல். கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடியுங்கள். பக்கத்தில் இன்னொருவர் இருந்தால் அவரை 108-க்கோ 112-க்கோ பேசச் சொல்லுங்கள், தீயணைப்புக்கு 101.

சரி, இப்போது உங்கள் வண்டிக்கு வருவோம்.

கதவைப் பிடித்து வைத்திருப்பது உள்ளே இருக்கிற ஓர் இரும்புக் கொக்கி. சென்ட்ரல் லாக் என்பது அதைப் பூட்டவும் விடவும் ஒரு சின்ன மோட்டார். கரன்ட் இல்லாவிட்டால் மோட்டார் அசையாது, ஆனால் கொக்கிக்குக் கரன்ட் தேவையில்லை. சாவித்துவாரத்தின் பின்னால் ஒரு சிறு நாக்கு இருக்கும். அதிலிருந்து ஒரு கம்பி, சில வண்டிகளில் கேபிள், நேராக லாக்குக்குப் போகும். அதனால் பேட்டரி முழுவதும் செத்துப்போனாலும் டிரைவர் கதவு சாவிக்குத் திறக்க வேண்டும். அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். உங்களுக்குத் திறக்கவில்லை என்றால் கோளாறு ஒன்றல்ல, இரண்டு. ஒன்று, பேட்டரி டவுன். இன்னொன்று, சாவிக்கும் லாக்குக்கும் நடுவில் எங்கேயோ தொடர்பு விட்டிருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

பேட்டரியா ரிமோட்டா என்று தெரிந்துகொள்வது சுலபம். ரிமோட்டை அழுத்தும்போது அதில் இருக்கிற சின்ன விளக்கு எரிகிறதா பாருங்கள். மங்கலாக எரிந்தாலோ எரியாவிட்டாலோ அதற்குள் இருக்கும் பட்டன் செல்லை மாற்றுங்கள். பல ரிமோட்டுகளில் சிஆர்2032 என்ற 3 வோல்ட் செல் இருக்கும், சிலவற்றில் வேறு அளவு. செல்லின் முதுகிலேயே நம்பர் இருக்கும். வாட்ச் கடையில் கிடைக்கும். அடுத்து, கண்ணாடி வழியாக உள்ளே பாருங்கள். திருட்டு எச்சரிக்கைக்கு மினுக்குகிற சிவப்பு விளக்கு உங்கள் வண்டியில் உண்டென்றால், அது அணைந்து கிடக்கிறதா? அப்படியானால் வண்டியின் பேட்டரிதான் காலி. இரண்டு மாதம் நின்ற வண்டி என்பதால் எனக்கு இதில் சந்தேகமே இல்லை. நிற்கும்போதும் அலாரம், ரிமோட் ரிசீவர், ஸ்டீரியோ எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரன்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். போதாததற்கு நம் ஊர் வெயில் பேட்டரிக்கு எமன். வெளியூர்க்காரர்கள் குளிரில்தான் பேட்டரி கெடும் என்பார்கள், ஆனால் அதன் ஆயுசை உண்மையில் குறைப்பது சூடு.

நெரிசலான பார்க்கிங்கில் ரிமோட் திடீரென்று வேலை செய்யாமல் போவது வேறு கதை. ரிமோட்டுகள் பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகின்றன. அதே அலைவரிசையில் பக்கத்தில் வேறு ஏதாவது கத்திக்கொண்டிருந்தால் உங்கள் வண்டிக்குக் காது கேட்காது. ஸ்ரீபுரம் தங்கக் கோயில் பார்க்கிங் மாதிரி இடங்களில் இப்படி நடந்தால் பயப்படாமல் கதவுக்கு ஒட்டி நின்று அழுத்திப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் சாவியைப் போட்டுத் திறங்கள்.

இப்போது முக்கியமான விஷயம், சாவி. சாவியைப் போட்டுச் சுற்றும்போது கையில் என்ன தெரிகிறது என்பதைக் கவனியுங்கள். நான் ஒரு வண்டியிடம் போனால் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

சாவி உள்ளே போகவே இல்லை, அல்லது போய் அசையவில்லை என்றால் துவாரத்தில் தூசியும் துருவும் பிடித்திருக்கிறது. எப்போதும் ரிமோட்டிலேயே திறந்து பழகியவர்களின் வண்டியில் இந்தத் துவாரம் வருடக்கணக்காகத் தொடப்படாமல் கிடக்கும். பலத்தைக் காட்டினால் சாவி உள்ளேயே முறிந்துவிடும். துரு இளக்கும் ஸ்பிரேயை அதன் குழாய் வழியாகக் கொஞ்சம் அடித்து, பத்து நிமிடம் விட்டு, சாவியை மெல்ல உள்ளே வெளியே ஆட்டுங்கள், சுற்றாதீர்கள். இளகிய பிறகு சுற்றலாம். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். அன்றைக்குத் திறக்கும், பிறகு அந்தப் பிசுக்கில் தூசி ஒட்டி முன்னைவிட மோசமாகும். கிராஃபைட் பொடிதான் இதற்குச் சரியான மருந்து.

சாவி கனமாகச் சுற்றுகிறது, உள்ளே ஏதோ நகர்கிற மாதிரி இருக்கிறது, ஆனால் லாக் முழுதாக விடவில்லை என்றால், லாக்கில் கிரீஸ் காய்ந்து இறுகியிருக்கிறது. சாவியைத் திறக்கும் பக்கம் திருப்பி அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். இன்னொருவர் இடுப்பால் கதவை உள்பக்கமாக அழுத்தட்டும். அந்த நேரத்தில் ஹேண்டிலை இழுங்கள். கதவு ரப்பரின் அழுத்தம் கொக்கியின் மேல் இருக்கும்வரை அது விடாது, உள்ளே தள்ளினால் அந்த இறுக்கம் தளரும். ஹேண்டிலுக்குப் பின்னால், கதவு ஓரத்தில், உள்ளங்கையால் தட்டிக்கொண்டே இழுத்தாலும் சில சமயம் விடும்.

மூன்றாவதுதான் உங்களுடையது என்று நினைக்கிறேன். சாவி லேசாக, எதையும் தள்ளாமல், காற்றில் சுற்றுவது போலச் சுற்றும். நல்ல லாக்கில் சாவியைத் திருப்பி விட்டால் ஸ்பிரிங் அதை நடுவுக்குக் கொண்டுவரும், நடுவில் ஒரு சின்ன எதிர்ப்பும் தெரியும். அது இல்லை என்றால், நாக்கையும் கம்பியையும் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்து கம்பி கழன்றிருக்கிறது. சுண்டு விரல் நகம் அளவுள்ள ஒரு கிளிப். பத்து வருட வெயிலில் பிளாஸ்டிக் மொறுமொறுவென்று ஆகி ஒரு நாள் உடையும். உடைந்தது யாருக்கும் தெரியாது, ஏனென்றால் ரிமோட் வேலை செய்துகொண்டிருக்கும். பேட்டரி போகிற அன்றுதான் இரண்டும் சேர்ந்து தெரியவரும்.

இந்த நிலையில் முதலில் மற்ற துவாரங்களைப் பாருங்கள். பழைய வண்டிகள் சிலவற்றில் இடது பக்க முன்கதவிலும் சாவித்துவாரம் இருக்கும், டிக்கியிலும் இருக்கும். டிக்கி திறந்தால் பின்சீட்டை மடித்தோ, பார்சல் டிரேயைத் தள்ளியோ உள்ளே போகலாம். ஒல்லியான பையன் ஒருவன் போதும். கரன்ட் இல்லாவிட்டாலும் முன்கதவின் உள் ஹேண்டில் அநேகமாக எல்லா வண்டியிலும் வேலை செய்யும். பின்கதவில் சைல்ட் லாக் போட்டிருந்தால் உள்ளிருந்து திறக்காது, முன்பக்கம் போய்த் திறக்கச் சொல்லுங்கள்.

அதுவும் இல்லை என்றால், வெளியிலிருந்து வண்டிக்குக் கரன்ட் கொடுப்பது. பானெட்டைத் திறக்கிற லீவர் உள்ளே இருக்கிறது, அப்புறம் எப்படிக் கொடுப்பது என்று கேட்பீர்கள். வண்டிக்கு அடியிலிருந்து கொடுக்கலாம். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து வருகிற தடித்த வயர், இன்ஜினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாரில் ஒரு நட்டில் வந்து நிற்கும், மேலே ரப்பர் மூடி இருக்கும். பல வண்டிகளில் அதைக் கீழிருந்து எட்டிவிடலாம். எட்டாவிட்டால், பேட்டரியைச் சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும் தடித்த வயர். தரையில் ஒரு நல்ல 12 வோல்ட் பேட்டரியை வைத்து, நடுவில் ஃப்யூஸ் போட்ட வயரால் பாசிட்டிவை அந்த நட்டில் மாட்டி, கடைசியாக எர்த்தை, அதாவது நெகட்டிவை, இன்ஜின் இரும்பில் மாட்ட வேண்டும். எர்த் கடைசியில்தான். பாசிட்டிவ் கிளிப் தவறி பாடியில் பட்டாலும் எர்த் இல்லாதவரை பொறி பறக்காது. கொஞ்ச நேரம் விட்டு ரிமோட்டை அழுத்தினால், கதவு மோட்டார் நன்றாக இருக்கும் பட்சத்தில், டக்கென்று நான்கும் திறக்கும்.

இதை நீங்களே செய்யச் சொல்லவில்லை. வெறும் ஜாக்கி மேல் நிற்கிற வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. ஸ்டாண்டு போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, விஷயம் தெரிந்த எலக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை. இப்படி ஒரு வழி இருப்பது உங்களுக்குத் தெரிந்திருந்தால், "கண்ணாடியை உடைப்பதைத் தவிர வேறு வழியே இல்லை" என்று யாராவது சொல்லும்போது நம்பாமல் இருப்பீர்கள்.

இன்னொரு முறை, கதவின் மேல் ஓரத்தில் காற்றுப் பையைச் செருகி ஊதி, விரல் அளவு இடைவெளி உண்டாக்கி, நீளக் கம்பியை விட்டு உள் ஹேண்டிலை இழுப்பது. பழகியவர் செய்தால் பெயின்ட்டில் கீறல்கூட விழாது. பழகாதவர் செய்தால் கதவுச் சட்டம் வளைந்து, மழைக்காலம் முழுவதும் அந்த இடுக்கில் தண்ணீர் ஒழுகும். காற்றுப் பை இல்லாமல் ஸ்க்ரூடிரைவரைச் செருகி நெம்புகிறவரை வண்டிப் பக்கமே விடாதீர்கள். உள்ளே இருப்பவரே ஹேண்டிலை இழுத்தாலும் திறக்காதபடி டெட் லாக் விழுகிற ஐரோப்பிய வண்டிகள் சில உண்டு. அவற்றில் இந்த முறை பலிக்காது.

ஸ்கேல் விடுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் தெருவில் யாராவது நிச்சயம் யோசனை சொல்வார்கள். அம்பாசடர், மாருதி 800, ஆம்னி காலத்தில் கண்ணாடிக்கும் அதன் ஓர ரப்பரான பீடிங்குக்கும் நடுவில் இரும்பு ஸ்கேலை விட்டுக் கம்பியைத் தட்டினால் லாக் எழும்பிவிடும். அப்போது கதவுக்குள் வெறும் கம்பியும் கண்ணாடியும்தான். இன்றைய கதவுக்குள் பவர் விண்டோ வயர், ஸ்பீக்கர் வயர், சில வண்டிகளில் ஏர்பேக்குக்கான அழுத்த சென்சார் எல்லாம் இருக்கின்றன. லாக் கம்பியையும் தகட்டால் மறைத்துவிட்டார்கள். ஸ்கேலை விட்டுத் துழாவினால் கதவு திறக்காது, வயர் அறுபடும். 2012 மாடலுக்கும் இது பொருந்தும்.

பட்டன் ஸ்டார்ட் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஸ்மார்ட் சாவிக்குள்ளேயே ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கிறது. ஓரத்தில் சின்ன பொத்தானைத் தள்ளினால் உருவி வரும். கதவில் துவாரமே இல்லையே என்றால், டிரைவர் ஹேண்டிலின் ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் மூடிக்குக் கீழே பாருங்கள். அடியில் சிறு பள்ளம் இருக்கும், சாவி முனையை விட்டு நெம்பினால் மூடி கழன்று துவாரம் தெரியும். சாவியின் செல் தீர்ந்து, வண்டி பேட்டரி நன்றாக இருந்தால், உள்ளே போய் ஸ்மார்ட் சாவியை ஸ்டார்ட் பட்டனில் ஒட்டி வைத்து அழுத்துங்கள். பெரும்பாலான வண்டிகள் கிளம்பிவிடும். உள்ளே இருக்கும் சிப்புக்கு செல் தேவையில்லை. சில வண்டிகளில் சாவியை வைக்க வேண்டிய இடம் வேறு, மேனுவலில் படம் போட்டிருப்பார்கள். வண்டி வாங்கிய வாரமே ஒரு தடவை இதையெல்லாம் செய்து பார்த்துவிடுங்கள். இரவு பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டி இருட்டில் நின்றுகொண்டு தேடுவது பெரிய அவஸ்தை.

உங்கள் கதவு திறந்த பிறகு செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பேட்டரிக்குக் கரன்ட் வந்ததும் அலாரம் அடிக்கலாம். சாவியைப் போட்டு ஆன் செய்தால் அநேகமாக நின்றுவிடும். அதைவிட முக்கியம், கரன்ட் கொடுக்கும்போது சாவியை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரி கனெக்‌ஷன் கொடுத்த நொடியில் தானாக லாக் விழுகிற வண்டிகள் உண்டு. சாவி சீட்டில் கிடந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். கரன்ட் வந்ததும் டிரைவர் கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் மற்ற வேலை. முழு சார்ஜில் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். ஒரு முறை அடியோடு காலியான பேட்டரி பழையபடி நிற்பது சந்தேகம், கடையில் லோடு வைத்து டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள்.

பிறகு கதவின் உள்பக்க மூடியான டோர் பேடைக் கழற்றி அந்தக் கிளிப்பை மாற்றச் சொல்லுங்கள். கிளிப் விலை அற்பம், கூலிதான் செலவு. பேட் கழற்றியிருக்கும்போதே கதவுக்கும் அது கீல் மாட்டியிருக்கும் தூணுக்கும் (பில்லர்) நடுவில் இருக்கும் கறுப்பு ரப்பர் குழாயையும் உருவிப் பார்க்கச் சொல்லுங்கள். கதவை ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அதற்குள் இருக்கும் வயர்கள் மடங்கி நிமிர்கின்றன. மேலே உறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு இழை அறுந்திருக்கும். பேட்டரி நன்றாக இருந்தும் ஒரு கதவு மட்டும் லாக் ஆகவில்லை, அல்லது ஒரு நாள் வேலை செய்து மறுநாள் செய்யவில்லை என்றால் நான் முதலில் கை வைப்பது அந்தக் குழாயில்தான். நான்கு கதவும் ஒரே நேரத்தில் நின்றால் ஃப்யூஸ். வெளியில் வாங்கிப் பொருத்திய சென்ட்ரல் லாக் செட் என்றால் டிரைவர் கதவு மோட்டாரைப் பார்க்க வேண்டும். அதற்கு ஐந்து வயர் போகும், மற்றவற்றுக்கு இரண்டுதான். அந்த ஐந்து வயர் மோட்டார்தான் மற்ற மூன்றுக்கும் உத்தரவு கொடுக்கிறது. அது போனால் எல்லாம் போச்சு. கம்ப்யூட்டரே போய்விட்டது, போர்டு மாற்ற வேண்டும் என்று எடுத்த எடுப்பில் யாராவது சொன்னால், ஃப்யூஸையும் ரப்பர் குழாயையும் பார்த்தாயிற்றா என்று கேளுங்கள்.

சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டவர்களுக்கு: வீட்டில் இன்னொரு சாவி இருந்தால் அதுதான் மலிவான வழி. குடியாத்தத்திலோ ஆம்பூரிலோ வீடு என்றாலும் யாரையாவது எடுத்துவரச் சொல்வது ஒரு கண்ணாடியின் விலையைவிடக் குறைவு. புது வண்டி கொடுக்கும்போது சாவியோடு நம்பர் பொறித்த சின்னத் தகடு ஒன்று பல கம்பெனிகள் தருவார்கள். அதைச் சாவியோடு கோத்து வைக்காமல் வீட்டு பீரோவில் வையுங்கள், சாவி தொலைந்தால் அந்த நம்பரை வைத்து வெட்டிக் கொடுப்பார்கள். பூட்டுத் திறக்க வருகிறவர் உங்களிடம் ஆர்.சி. கேட்டால் கோபப்படாதீர்கள், கேட்கிறவர்தான் நல்ல தொழிலாளி. டிஜிலாக்கரில் காட்டினால் போதும்.

இன்ஷூரன்ஸ் பாலிசியை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். ரோடு சைடு அசிஸ்டன்ஸ் சேர்த்திருந்தால் பூட்டிக்கொண்ட வண்டியைத் திறப்பதும் பேட்டரி ஜம்ப் ஸ்டார்ட்டும் பெரும்பாலும் அதில் அடங்கும், தனியாகக் காசு கேட்க மாட்டார்கள். தேசிய நெடுஞ்சாலையில் மாட்டிக்கொண்டால் 1033-க்குப் பேசலாம். கண்ணாடி உடைந்தால் முழுக் காப்பு பாலிசியில் கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிப்பதில்லை. ஆனால் 1500 சிசி வரை உள்ள காருக்கு முதல் 1000 ரூபாய் உங்கள் பாடு, கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸும் போகலாம். ஒரு பக்கக் கண்ணாடிக்கு அது கட்டுபடியாகாது. பின்கதவு ஓரத்தில் இருக்கும் முக்கோணக் கண்ணாடி சின்னது, அதனால் மலிவு என்று நினைத்து அதை உடைப்பவர்கள் இருக்கிறார்கள். ஒட்டி வைத்த கண்ணாடி என்பதால் பல வண்டிகளில் அதற்குத்தான் கூடுதல் செலவு.

தம்பி, நீங்கள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும்போது "கார் திறக்கவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். பேட்டரி டவுன், டிரைவர் கதவில் சாவி லேசாகச் சுற்றுகிறது, வேறு துவாரம் இருக்கிறது அல்லது இல்லை என்று மூன்றையும் சொல்லுங்கள், வண்டி மாடலையும் சொல்லுங்கள். சார்ஜ் உள்ள பேட்டரி, நீள வயர், ஜாக் ஸ்டாண்டு, அந்த மாடலுக்கான கிளிப் எல்லாவற்றையும் ஒரே நடையில் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.